உங்களுக்குத் தெரியுமா? காய்ந்த புல்லும் கோல்ஃப் பந்தும்

● பிள்ளையாருக்கு மாலை கட்டிப் போடுகிறோமே, அந்த அறுகம்புல்லும் அமெரிக்கத் தென்மாநில கோல்ஃப் மைதானங்களில் விரிந்து கிடக்கும் பெர்முடா புல்லும் ஒரே இனம். தாவரவியலில் இரண்டுக்கும் சைனோடான் டாக்டிலான் என்றே பெயர். வரப்பில் இதைக் கொத்திக் கொத்தி அலுத்த விவசாயிக்கு இது களை. கோடையில் மைதானம் பராமரிப்பவருக்கோ இதைவிட நம்பகமான துணை கிடையாது. காரணம் அதன் தண்டுகள். ஒன்று தரைமேல் படர்ந்து ஓடும், இன்னொன்று மண்ணுக்குள் ஓடும். வெயில் முற்றியதும் இலையைக் காயவிட்டு, மண்ணுக்குள் இருக்கும் கணுக்களில் உயிரை வைத்துக்கொண்டு உறங்கிவிடும். பார்த்தால் செத்த புல் என்றுதான் தோன்றும். நல்ல மழை ஒன்று பெய்யட்டும், கணுவுக்குக் கணு துளிர்த்துவிடும். புல் பழுத்துப்போனால் செத்துப்போனதாக அர்த்தமில்லை. இந்தச் சின்ன உண்மையை ஏற்றுக்கொள்ள கோல்ஃப் உலகத்துக்கு ரொம்ப நாளாயிற்று.

● கோல்ஃப் புல்லுக்கும் கம்பங்கூழுக்கும் ஒரு சொந்தம் உண்டு. அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தின் டிஃப்டன் ஊர் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தவர் கிளென் பர்ட்டன். அறுகையும் அதன் ஆப்பிரிக்க உறவான மெல்லிய புல் ஒன்றையும் இனம் சேர்த்து அவர் உருவாக்கிய டிஃப்கிரீன் ரகம் 1956-லும் டிஃப்வே ரகம் 1960-லும் வெளிவந்தன. வெப்ப நாட்டு மைதானங்களில் டிஃப்வே இன்றும் பரவலாக இருக்கிறது. இவை விதை கட்டாது, தண்டைத் துண்டு போட்டுத்தான் நட வேண்டும். இதே பர்ட்டன் கம்பிலும் ஆராய்ச்சி செய்தவர். அவர் தந்த டிஃப்ட் 23ஏ என்ற ஆண்மலட்டு வகையைத் தாயாக வைத்துத்தான் இந்தியாவின் முதல் வீரிய ஒட்டுக் கம்பான ஹெச்.பி.1 பஞ்சாபில் உருவாகி 1965-ல் வெளியானது. பணக்காரர் விளையாட்டுக்குப் புல்லும் மானாவாரிக் காட்டுக்குக் கம்பும் ஒரே மனிதரின் கையிலிருந்து வந்திருக்கின்றன.

● 18 குழி மைதானம் ஒன்று 120 முதல் 150 ஏக்கர் வரை பரந்திருக்கும். அதில் குழிகள் இருக்கும் வழவழப்பான பகுதியான ‘கிரீன்’கள் எல்லாவற்றையும் கூட்டினாலும் 3 ஏக்கர் அளவுதான் வரும். வறட்சிக் காலத்தில் பராமரிப்பாளரின் தூக்கத்தைக் கெடுப்பது இந்த 3 ஏக்கர்தான். கிரீனில் புல்லை சுமார் 3 மில்லிமீட்டர் உயரத்துக்கு வெட்டுகிறார்கள். புல்லுக்கு இலைதான் அடுப்படி. மேலே எவ்வளவு குறைக்கிறோமோ அவ்வளவுக்கு வேரும் மேலோட்டமாக நின்றுவிடும். ஆழத்தில் ஈரம் இருந்தாலும் வேர் அங்கே போகாது. அதனால் வெயில் ஏறும்போது கெட்டிக்காரப் பராமரிப்பாளர் முதலில் தொடுவது தண்ணீர்க் குழாயை அல்ல, வெட்டும் இயந்திரத்தின் உயரத்தை. அரை மில்லிமீட்டர் உயர்த்தினாலும் புல்லுக்கு மூச்சு வரும். பந்து மெதுவாக ஓடுகிறது என்று உறுப்பினர்கள் முணுமுணுத்தால், ஒரு நாள் வெட்டுவதை விட்டுவிட்டு உருளை ஓட்டுவார்கள். வேகம் திரும்பிவிடும், புல்லும் பிழைத்துக்கொள்ளும்.

● வெட்டும் பிளேடு மழுங்கியிருந்தால் இலை அறுபடாது, கிழியும். கிழிந்த நுனி வழியாக ஈரம் அதிகம் போகும். கோடையில் சாணை பிடிப்பதும் தண்ணீர் சேமிப்புதான்.

● கிரீனுக்கு அடியில் இருப்பது வெறும் மண் என்று நினைக்காதீர்கள். அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1960-ல் வெளியிட்ட முறைப்படி கட்டினால், அடியில் வடிகால் குழாய், அதன்மேல் சுமார் 10 செ.மீ. சரளைக் கல், அதற்கும் மேல் 30 செ.மீ. மணல் கலவை. மணலில் நீர் நிற்காதே என்று கேட்பீர்கள். அங்கேதான் சூட்சுமம். நனைந்த ஸ்பாஞ்சைத் தூக்கிப் பிடித்தால் அடிப்பக்கத்தில் மட்டும் நீர் தேங்கி நிற்கும், சொட்டாது. அதுபோல நுண்ணிய மணலிலுள்ள நீர், பெரிய சந்துகள் கொண்ட சரளைக்குள் சுலபத்தில் இறங்காமல், மணலின் அடிப்பகுதியிலேயே தொங்கி நிற்கும். கனமழை கொட்டினால் மட்டும் பாரம் தாங்காமல் சரளை வழியே வடிந்துவிடும். மழைக்கு வடிகால், வெயிலுக்குச் சேமிப்பு, இரண்டும் ஒரே அடுக்கில்.

● புல்லுக்குத் தாகம் எடுத்துவிட்டதா என்று பார்க்க மிகப் பழைய கருவி மனிதனின் கால். நீர்ச்சத்துள்ள புல் மிதித்த உடனே நிமிர்ந்துவிடும். நடந்து பத்தடி போய்த் திரும்பிப் பார்த்தால் காலடித் தடம் அப்படியே பதிந்து கிடக்கிறதா? இலை நிமிர முடியாத அளவுக்கு வாடியிருக்கிறது என்று பொருள். பச்சை மங்கி லேசான நீலச் சாம்பல் நிறம் தட்டும். இந்த நேரத்தில் அதன்மேல் கோல்ஃப் வண்டியை ஓட்டினால் டயர் போன தடத்தில் இலை நசுங்கி, மறுநாள் இரண்டு பழுப்புக் கோடுகள் தெரியும். வறட்சி மாதங்களில் பல மைதானங்களில் வண்டிகளைப் பாதையை விட்டு இறங்கவிடாமல் தடுப்பது இதற்காகத்தான்.

● நடு மதியத்தில், கொளுத்தும் வெயிலில், ஒருவர் குழாயைப் பிடித்துக்கொண்டு கிரீன்மேல் பன்னீர் தெளிப்பதுபோல் தெளித்துக்கொண்டிருப்பார். பார்ப்பவர்கள் தண்ணீர் வீண் என்பார்கள். அது வேருக்குப் பாய்ச்சும் நீர் அல்ல. இலைமேல் விழும் மெல்லிய ஈரம் ஆவியாகும்போது சூட்டை இழுத்துக்கொண்டு போகும், அவ்வளவுதான். சில நிமிட வேலை. அதைச் செய்யாமல் விட்டு மாலையில் வந்து ஆயிரக்கணக்கான லிட்டர் ஊற்றினாலும், மதியம் வெந்த இலை திரும்பாது.

● வேருக்குப் பாய்ச்சுவது என்றால் விடியலுக்கு முன்பே முடித்துவிடுகிறார்கள். காற்று அடங்கியிருக்கும், ஆவியாதல் குறைவு. முன்னிரவில் பாய்ச்சினால் இரவு முழுவதும் இலை நனைந்து கிடந்து பூஞ்சைக்கு விருந்தாகும். எவ்வளவு பாய்ச்சுவது? முந்தைய நாள் வெயில், காற்று, ஈரப்பதம் எல்லாவற்றையும் கணக்கிட்டு, மண்ணும் இலையும் எவ்வளவு நீரை இழந்தன என்று வானிலைக் கருவி சொல்லிவிடும். அதை அப்படியே திருப்பிக் கொடுக்கத் தேவையில்லை என்பதுதான் விஷயம். குளிர்நாட்டுப் புல்லுக்கு அதில் சுமார் 80 சதவீதம் வேண்டும், அறுகு இனத்துக்கு 60 சதவீதமே போதும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தால் வேர் மேலேயே சோம்பிக் கிடக்கும். இடைவெளி விட்டு ஆழமாக நனைத்தால்தான் நீரைத் தேடிக் கீழே இறங்கும். பிள்ளை வளர்ப்பு பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.

● எவ்வளவு ஊற்றினாலும் உள்ளே இறங்காத மணல் உண்டு. கிரீனில் திட்டுத் திட்டாகக் காய்ந்திருக்கும். சுற்றிலும் பச்சை, நடுவில் பொட்டல். அங்கே குழாய் வடிவில் கொஞ்சம் மண்ணைத் தோண்டி எடுத்து அதன்மேல் ஒரு சொட்டு நீர் விட்டால் தாமரை இலைமேல் நிற்பது மாதிரி உருண்டு நிற்கும். மட்கிய வேர்களிலிருந்தும் பூஞ்சைகளிலிருந்தும் வரும் மெழுகுத்தன்மை மணல் துகள்களைப் பூசிவிடுவதால் வரும் வினை இது. ஒருமுறை முழுதாகக் காய்ந்துவிட்டால் மணல் தண்ணீரையே வெறுக்கும். மேலும் மேலும் நீர் ஊற்றினால் பக்கத்துப் பச்சைத் திட்டுதான் சேறாகும். மருந்து வேறு: முள்போன்ற கருவியால் துளையிட்டு, நீரின் பரப்பு இழுவிசையைக் குறைக்கும் நனைப்பான் திரவத்தை ஊற்றி, கையால் குழாய் பிடித்து மெல்ல மெல்ல நனைக்க வேண்டும். இத்தனை தானியங்கி வசதி வந்தும் கோடையில் குழாய் பிடிக்கும் ஆள் வேலை போகவில்லை.

● நீர்த்தெளிப்பான் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று சோதிக்கப் பெரிய கருவி வேண்டாம். ஒரே அளவு டப்பாக்களைப் பரப்பி வைத்து, கால் மணி நேரம் தெளிக்கவிட்டு, ஒவ்வொன்றிலும் எவ்வளவு சேர்ந்தது என்று அளந்தால் போதும். ஒன்றில் நிறைய, அடுத்ததில் பாதி என்றிருந்தால், பாதி வாங்கிய இடத்தைக் காப்பாற்ற மைதானம் முழுவதற்கும் இரட்டிப்பாகப் பாய்ச்சிக்கொண்டிருக்கிறீர்கள். தேய்ந்த தெளிப்பு முனை ஒன்றை மாற்றினால் தீர்கிற பிரச்சினை.

● 2006 ஜூலை. இங்கிலாந்தின் ஹோய்லேக்கில் பிரிட்டிஷ் ஓபன். வெயிலில் காய்ந்து மைதானம் முழுக்க வைக்கோல் நிறம். தரை அவ்வளவு இறுகி இருந்ததால் விழுந்த பந்து ஓடிக்கொண்டே போனது. டைகர் வுட்ஸ் என்ன செய்தார் தெரியுமா? நான்கு நாள், 72 குழிகள், நீண்ட தூரம் அடிக்கும் டிரைவர் மட்டையை ஒரே ஒரு முறைதான் வெளியே எடுத்தார். பெரும்பாலும் இரும்பு மட்டையால் தாழ்வாக அடித்து, மணல் பள்ளங்களுக்கு முன்பே பந்தை நிறுத்தி, நிர்ணய அடிக் கணக்கான ‘பாரை’விட 18 குறைவில் கோப்பையை வாங்கினார். காய்ந்த தரை பலத்தைவிட யோசனைக்கு மதிப்பு கொடுக்கிறது. பச்சைப் பசேலென்று நனைந்த தரையில் இந்த ஆட்டத்தைப் பார்த்திருக்கவே முடியாது.

● அதற்காகக் காயவிடுவதற்கும் ஓர் எல்லை உண்டு. 2004 அமெரிக்க ஓபன், நியூயார்க் மாநிலத்தின் ஷின்னகாக் ஹில்ஸ். கடைசி நாள் ஏழாவது கிரீன் அவ்வளவு வறண்டு வழுக்கியது, மெல்லத் தட்டிய பந்துகூட நிற்காமல் உருண்டு வெளியே போனது. ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே, ஒரு குழு போய் அடுத்த குழு வருவதற்குள், ஊழியர்கள் ஓடிவந்து தண்ணீர் தெளிக்க வேண்டியதாயிற்று. அன்று ஒருவர்கூடப் பாருக்குக் குறைவாக அடிக்கவில்லை. ரெட்டீஃப் கூசன் வென்றார். பாடம் படித்திருப்பார்கள் என்று பார்த்தால், 2018-ல் அதே மைதானத்தில் சனிக்கிழமை பிற்பகல் மறுபடியும் கிரீன்கள் கைமீறிப்போயின.

● வறட்சியை எதிரியாகப் பார்க்காமல் அழகாகப் பார்த்த இடம் என்று எனக்குத் தோன்றுவது வட கரோலினாவின் பைன்ஹர்ஸ்ட் இரண்டாம் எண் மைதானம். டொனால்ட் ராஸ் வடிவமைத்து 1907-ல் திறந்தபோது அங்கே கிரீன்களே மணலில் இருந்தன. 1930-களின் நடுவில்தான் அவை புல்லாக மாறின. பிறகு மற்ற மைதானங்களைப் போலவே மூலை முடுக்கெல்லாம் பச்சை விரிப்பு. 2010, 2011-ல் பில் கூர், பென் கிரென்ஷா இருவரும் அதைத் திருப்பிப்போட்டார்கள். சுமார் 35 ஏக்கர் புல்லை உரித்து எடுத்துவிட்டு, மணலையும் அந்த ஊர்க் காட்டுப் புல்லையும் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஆயிரத்துக்கும் மேலிருந்த நீர்த்தெளிப்பான்கள் 450 அளவுக்குக் குறைந்தன. நடுப்பாதையில் ஒரு வரிசை மட்டும். நீர் எட்டும் இடம் பச்சை, எட்டாத ஓரம் தானாகப் பழுப்பு. 2014-ல் ஆண்கள் அமெரிக்க ஓபனும் பெண்கள் அமெரிக்க ஓபனும் அடுத்தடுத்த வாரங்களில் இதே தரையில் நடந்தன. தொலைக்காட்சியில் பார்த்துச் சிலர் மைதானம் பாழாகிவிட்டது என்றார்கள். ஆடியவர்களில் பலருக்குப் பிடித்திருந்தது. என் ஓட்டு ஆடியவர்கள் பக்கம்.

● ஒவ்வோர் ஏப்ரலிலும் மாஸ்டர்ஸ் போட்டி நடக்கும் அகஸ்டா கிளப்பின் பச்சையைப் பார்த்து மயங்குகிறோம். நடுப்பாதையில் தெரிவது அந்த மண்ணின் கோடைப் புல் அல்ல. அடியில் பெர்முடா உறங்கிக்கொண்டிருக்கும், மேலே இலையுதிர் காலத்தில் விதைத்த ரை புல். கடும் கோடையில் அந்தக் கிளப் உறுப்பினர்களுக்கே கதவைச் சாத்திவிடும், மே இறுதிவாக்கில் மூடினால் திறக்க அக்டோபர் ஆகும். அந்த வசதி இல்லாத கிளப்புகளின் உறுப்பினர்களும் ‘நம்ம மைதானம் ஏன் அப்படி இல்லை’ என்று கேட்டுப் பராமரிப்பாளர்களைப் பிடுங்கியதில் உலகெங்கும் எவ்வளவு தண்ணீர் போயிருக்கும்!

● உறங்கும் புல்லுக்குச் சாயம் அடிக்கும் வழக்கமும் உண்டு. பச்சை நிறமியைக் கலந்து தெளித்தால் பல வாரம் தாங்கும். ரை புல் விதைத்து வளர்க்கும் நீரோடு பார்த்தால் சாயம் சிக்கனம். ஏமாற்று வேலைதான், ஆனால் நீர் மிச்சம்.

● அமெரிக்காவில் கோல்ஃப் மைதானங்கள் பாய்ச்சிய நீர் 2005-க்கும் 2020-க்கும் இடையில் 29 சதவீதம் குறைந்தது என்று மைதானப் பராமரிப்பாளர் சங்கத்தின் கணக்கெடுப்பு சொல்கிறது. சில மைதானங்கள் மூடப்பட்டதும் அதில் சேர்த்திதான்.

● லாஸ் வேகாஸில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை 100 மி.மீ. சொச்சம். அங்கே கோல்ஃப் மைதானங்களுக்கு ஏக்கர் கணக்கில் ரேஷன் உண்டு. முன்பு ஏக்கருக்கு ஆண்டுக்கு 6.3 அடி உயரம் நிற்கும் அளவு நீர். 2024 முதல் அது 4 அடியாகக் குறைக்கப்பட்டது. நம் கணக்கில் 4 அடி என்றால் சுமார் 1,220 மி.மீ. சென்னையில் ஓராண்டு பெய்யும் மழையைவிடச் சற்றுக் குறைவு! அதைப் பாலைவனத்தில் செயற்கையாகப் பெய்விக்கிறார்கள், அதுவும் குறைத்த பிறகு. ஊருக்கு நீர் தரும் மீட் ஏரி வற்றிக்கொண்டே போனதால் வந்த கட்டுப்பாடு இது. சாலையோரம், கடை வாசல் என்று அலங்காரத்துக்கு மட்டும் வளர்க்கும் புல்லுக்கு 2027 முதல் கொலராடோ நதி நீரைப் பாய்ச்சக் கூடாது என்று நெவாடா மாநிலம் 2021-ல் சட்டமே போட்டது. கோல்ஃப் அதில் தப்பித்துக்கொண்டது.

● பிரான்சில் 2022 கோடை வறட்சியின்போது மக்கள் தோட்டத்துக்கு நீர் விடவும் கார் கழுவவும் பல ஊர்களில் தடை. கோல்ஃப் கிரீன்களுக்கு மட்டும் விலக்கு. ஆத்திரப்பட்ட சூழலியல் போராளிகள் தூலூஸ் பகுதி மைதானங்களில் புகுந்து குழிகளில் சிமென்ட் நிரப்பிவிட்டுப் போனார்கள். கிரீன் செத்தால் புதிதாக வளர்த்தெடுக்க மாதங்கள் ஆகும் என்பது கிளப்புகளின் வாதம், அது பொய்யில்லை. ஆனால் தண்ணீர் லாரிக்குக் குடம் வரிசை வைத்த ஊர்க்காரனுக்கு அந்தச் சிமென்டின் கோபமும் புரியும்.

● கழிவுநீரைச் சுத்திகரித்துப் பாய்ச்சலாமே? பாய்ச்சுகிறார்கள். கலிஃபோர்னியாவின் புகழ்பெற்ற பெபிள் பீச் மைதானமும் அதன் அக்கம்பக்க மைதானங்களும் 1994 முதல் அப்படித்தான். ஆனால் அந்த நீரில் உப்பு அதிகம். மழை பொய்த்த மாதங்களில் உப்பு வேரடியில் சேர்ந்துகொண்டே போய் புல்லைக் கருக்கியது. உப்பைக் கழுவி இறக்க என்ன வழி? குடிநீரை மொண்டு மொண்டு ஊற்றுவதுதான். சேமிக்கப் போய்ச் செலவழித்த கதை! பிறகு உப்பை வடிகட்டும் நிலையம் அமைத்த பின்புதான் அந்தத் தலைவலி விட்டது.

● உப்புக்கென்றே பிறந்த புல்லும் இருக்கிறது. கடற்கரைச் சதுப்பில் தானாக வளரும் பாஸ்பாலம். உவர்நீரைக் குடித்தே பச்சையாக நிற்கும். 2012-ல் தென் கரோலினாவின் கியாவா தீவில் நடந்த பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப் இந்தப் புல்லின்மேல் நடந்தது. கடற்கரை இருக்கட்டும், பாலைவனத்தில் முழுக்கப் புல்லால் ஆன மைதானம் என்பதே ஒரு காலத்தில் அதிசயம். மத்திய கிழக்கில் அதைத் தொடங்கிவைத்தது 1988-ல் திறந்த துபாயின் எமிரேட்ஸ் கோல்ஃப் கிளப்.

● புல்லே வேண்டாம் என்பவர்களும் உண்டு. ஆஸ்திரேலியாவில் ஓபல் கல் தோண்டும் கூபர் பெடி ஊரில் மைதானம் முழுக்க மண்ணும் கல்லும்தான். எண்ணெய் கலந்து இறுக்கிய மணல்தான் கிரீன். ஆட வருபவர் கையோடு ஒரு துண்டு புல்விரிப்பைக் கொண்டுபோய், அதன்மேல் பந்தை வைத்து அடிப்பார். இந்தியாவிலும் தண்ணீர் தட்டுப்பாடான சிற்றூர், ராணுவ மைதானங்களில் இப்படி எண்ணெய் மணல் தரைகள் இருந்தன. அவற்றை ‘பிரௌன்’ என்றே அழைத்தார்கள்.

● ஊட்டியில் கதை தலைகீழ். அங்கே மழை குறைந்த மாதங்களான டிசம்பர், ஜனவரியில் புல்லுக்கு எமன் வெயில் அல்ல, உறைபனி. பனி உறைந்த இலையை மிதித்தால் உள்ளே செல்கள் உடைந்து, வெயில் ஏறியதும் காலடி வடிவிலேயே கருகிப்போகும். பனி உருகும்வரை யாரையும் இறங்கவிடாமல் இருப்பதுதான் ஒரே வைத்தியம்.

● ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை வழக்கமாக ஆட்டம் கிடையாது. புல்லுக்கு வார விடுமுறை. ஊர்க்காரர்கள் நாயைக் கூட்டிக்கொண்டு அதில் உலாவலாம்.

● வீட்டு முன்னால் சின்னதாகப் புல்தரை வைத்திருக்கிறீர்களா? சித்திரை, வைகாசியில் ஒட்ட வெட்டாதீர்கள், இரண்டு அங்குலம் விடுங்கள். தினமும் தெளிக்காமல் வாரம் இரண்டு நாள், விடியற்காலையில், ஆழமாக நனையுங்கள். நீண்ட ஸ்க்ரூடிரைவர் ஒன்றைக் குத்திப் பாருங்கள், நாலு அங்குலம் சுலபமாக இறங்கினால் போதும், குழாயை மூடிவிடலாம். சமையலறையில் அரிசி களைந்த நீரையும் காய்கறி அலசிய நீரையும் புல்லுக்கே விடலாம், சோப்பு நீர் மட்டும் வேண்டாம். அப்படியும் பழுத்துவிட்டால் பதறிப் பெயர்த்துப் போடாதீர்கள். அறுகு இனமாக இருந்தால் முதல் மழைக்கே வந்துவிடும்.